செவியில் சங்கீதம், கையில் கதை

பிறர் சிருஷ்டித்த கதாபாத்திரங்களின் மீது தீராத அபிமானம் கொண்டு, மூல ஆசிரியர் கதையை முடித்த இடத்துக்கு அப்பாலும் அவர்களோடு பழக விரும்பி, அந்த விருப்பத்தைத் தாமே எழுதித் தீர்த்துக்கொள்ளும் ரசிகர்களின் இலக்கியம் இன்று உலகெங்கும் ஃபேன் ஃபிக்ஷன் என்ற பெயரில் வழங்குகிறது. கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1954-இல் நிறைவுற்ற பிறகும் ஆவல் அடங்காத வாசகர்களையும், அக்கதையின் தொடர்ச்சியாக விக்கிரமன் எழுதிய ‘நந்திபுரத்து நாயகி’யையும் அறிந்த நமக்கு இந்த வேட்கை அந்நியமானதல்ல. இவ்வகை எழுத்தாளர்களிடம் பரவலாகக் காணப்படும் ஒரு பழக்கம் என் மனத்தை நெடுநாளாகக் கவர்ந்திருக்கிறது: அவர்களில் பலர் சங்கீதத்தைக் கேட்டுக்கொண்டே எழுதுகிறார்கள். அதை வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவது பிழை. அந்தக் கலையின் ஜீவநாடியே அங்கேதான் துடிக்கிறது என்பது என் துணிபு.

கச்சேரியில் நிரவல் செய்யும் வித்துவான் கீர்த்தனத்தின் ஒரே ஒரு வரியை எடுத்துக்கொண்டு, அதன் சொற்களையும் தாளத்தில் அவை விழும் இடங்களையும் காத்துக்கொண்டே, ராகத்தின் வெவ்வேறு சாயல்களில் அதைத் திரும்பத் திரும்பப் பாடும்போது, வரி பழையதாயிற்றே என்று சபையில் எவரும் சலிப்பதில்லை. அந்த வரிக்குள் இவ்வளவு உருக்கம் அடங்கியிருந்ததா என்று வியக்கவே செய்கிறார்கள். ரசிகர் புனைவின் தர்மமும் அதுவே. பாத்திரங்களின் பெயர், உருவம், குணம் யாவும் வாசகர் முன்பே அறிந்தவை. எழுதுபவர் தம்முடையது என்று உரிமை கொண்டாடக்கூடியது உணர்ச்சி பாவம் ஒன்றுதான். ஆகையால், முதல் வாக்கியத்தை எழுதுமுன் அந்தப் பாவத்தின் சுருதியைச் சேர்த்துக்கொள்ள வேண்டிய அவசியம் அவருக்கு மற்ற எழுத்தாளர்களைவிட அதிகம். சங்கீதம் அதற்கே துணை செய்கிறது.

ஓர் உதாரணம் சொல்லலாம். ஷெர்லாக் ஹோம்ஸை 1893-இல் வெளிவந்த கதையில் ரைகன்பாக் நீர்வீழ்ச்சியில் மாய்த்துவிட்ட கோனன் டாயில், பத்து வருஷங்களுக்குப் பின் 1903-இல் அவரை உயிரோடு மீட்டுக் கொண்டுவந்தார். கதையின் கணக்கில் 1891 முதல் 1894 வரையிலான அந்த இடைவெளியில், நண்பன் மாண்டான் என்றே நம்பி வாழ்ந்த டாக்டர் வாட்சனின் துயரத்தைப் பற்றி மூல ஆசிரியர் சில சொற்களோடு நிறுத்திக்கொண்டார். அவர் விட்டுவைத்த அந்த மௌனம் ரசிகர்களுக்கு வற்றாத சுரங்கமாயிற்று. ஹோம்ஸோ வயலின் வாசிப்பவர். வாட்சன் விரும்பிக் கேட்டால் மெண்டல்சனின் இசையை வாசித்துக் காட்டுவார் என்று 1887-இல் வெளிவந்த முதல் நாவலிலேயே வருகிறது. வாட்சனின் தனிமையை எழுத உட்காரும் ரசிகர் ஒருவர் ஏதோ ஒரு வயலின் இசையைத் திரும்பத் திரும்ப ஒலிக்கவிட்டு எழுதுவாரானால், கதாநாயகனின் செவி எந்த ஒலிக்கு ஏங்குகிறதோ அதே ஒலியைத் தம் செவியில் நிறுத்திக்கொண்டு எழுதுகிறார் என்றே சொல்ல வேண்டும்.

ரசிகர் எழுத்துக்கும் பாட்டுக்கும் உள்ள பந்தம் நேற்று ஏற்பட்டதன்று. 1966-இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் ஆரம்பக் கதைகளில் ஒன்றிலேயே, ஸ்பாக் தன் கிரகத்து நரம்பு வாத்தியத்தை மீட்ட, உஹூரா பாடுகிறாள். மறு வருஷம், 1967-இல், அத்தொடருக்கென்றே ரசிகர்கள் தொகுத்த முதல் இதழாகிய ‘ஸ்பாக்கனாலியா’வில், அந்த வாத்தியத்தோடு பாடத்தக்க பாட்டொன்றும் இடம்பெற்றது. 1975-இல் கேண்டி ஃபாங் என்ற ரசிகை, அத்தொடரின் நிழற்படச் சில்லுகளைப் பாட்டுக்கு இசைய ஒன்றன்பின் ஒன்றாகத் திரையில் காட்டி, பாட்டின் வழியே கதை சொல்லும் ஒரு கிளைக் கலைக்கே வித்திட்டார். 1979-இல் சோனி நிறுவனத்தின் வாக்மேன் வந்ததும் சங்கீதம் ஒருவர் செவிக்குள் மட்டும் ஒலிக்கும் அந்தரங்கப் பொருளாயிற்று. வீட்டார் உறங்கிய பின் மேஜை விளக்கின் கீழ் எழுதுபவருக்கு அதைவிட உகந்த துணை வேறென்ன வேண்டும்?

இந்த எழுத்தாளர்கள் பாட்டைக் கையாளும் விதங்களில் மூன்றை நான் பெரிதும் ரசிக்கிறேன். ஒரே பாட்டை ஓர் அத்தியாயம் முடியும் வரை ஓயாமல் சுழலவிடுவது ஒன்று. நாலைந்து நாள் இடைவிட்டு எழுதினாலும், அந்தப் பாட்டு எழுந்தவுடன் விட்ட இடத்து மனநிலை அப்படியே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு பாத்திரத்துக்கோ நெடுங்கதைக்கோ உரிய பாட்டுகளைத் தேர்ந்து வரிசைப்படுத்தி, அதற்கு ஃபேன்மிக்ஸ் என்று பெயரிட்டு, அட்டைப்படம்கூட வரைந்து வைப்பது இரண்டாவது. அந்த வரிசையில் முதற்பாட்டு சந்திப்பையும் நடுப்பாட்டு பிணக்கையும் கடைசிப்பாட்டு சமாதானத்தையும் குறிக்குமாறு அமைப்பவர், எழுதுமுன்பே கதையின் ஏற்ற இறக்கங்களைக் காதால் அளந்துவிடுகிறார்.

மூன்றாவது விதமே அவர்களுடைய கற்பனைக்கு உச்சமான சோதனை. ஒரு பாத்திரத்தை மனத்தில் வரித்துக்கொண்டு, பாட்டு ஒலிக்கும் கருவியில் பாட்டுகள் தாறுமாறான வரிசையில் தாமாகவே வருமாறு செய்து, எந்தப் பாட்டு வந்தாலும் மறுக்காமல், அது ஒலித்து முடிவதற்குள் ஒரு துணுக்கை எழுதி நிறுத்திவிட வேண்டும். அடுத்த பாட்டு, அடுத்த துணுக்கு. மூன்று நான்கு நிமிஷமே அவகாசம். யோசித்துச் சொல்லைத் தேடுவதற்கோ, எழுதியதை அடித்துத் திருத்துவதற்கோ இடமில்லை. சோகமே உருவான பாத்திரத்துக்கு ஒரு துள்ளல் பாட்டு வந்து வாய்க்கும்போது, அந்த மனிதன் எப்போது சிரித்திருப்பான் என்று எழுதுபவர் தேடியாக வேண்டியிருக்கிறது. அந்தத் தேடலில், மூல ஆசிரியரே காட்டாத ஒரு முகம் வெளிப்பட்டுவிடுவதும் உண்டு.

சொற்களுள்ள பாட்டைக் கேட்பதா, வெறும் வாத்திய இசையைக் கேட்பதா என்பதில் அவர்களுக்குள்ளே அபிப்பிராய பேதம் இருக்கிறது. சலாமே, பேட்லி என்ற இரு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் 1989-இல் வெளியிட்ட ஆய்வில், எண்களை நினைவில் நிறுத்தும் வேலைக்கு வாத்திய இசையைக் காட்டிலும் வாய்ப்பாட்டே அதிக இடையூறு செய்வதாகக் கண்டார்கள். செவியில் ஒருவர் சொல்லும் சொல்லும் மனத்தில் நாம் கோக்கும் சொல்லும் ஒரே வாசலில் நெருக்கிக்கொள்கின்றன போலும். ஆகவேதான் அனுபவசாலிகள் பலர், எழுத உட்காருமுன் பாட்டைக் கேட்டுப் பாவத்தை ஏற்றிக்கொண்டு, எழுதும் நேரத்தில் திரைப்படப் பின்னணி இசையையோ தமக்குப் புரியாத பாஷையின் பாட்டையோ நாடுகிறார்கள். திருத்தும் வேளையிலோ எல்லாவற்றையும் நிறுத்திவிட்டு, எழுதியதை வாய்விட்டுப் படித்துப் பார்க்கிறார்கள்.

அந்தக் கடைசி நிலையைத்தான் நான் எல்லாவற்றிலும் மேலாக மதிக்கிறேன். கதையின் பத்திகளுக்கு இடையிடையே பாட்டின் வரிகளையே பெய்து எழுதும் சாங்ஃபிக் என்ற வகை ஒரு காலத்தில் பெருகியிருந்தது. அதில் உண்மையான உணர்ச்சி உண்டு. ஆனால் கண்ணீர் வரவேண்டிய இடத்தில் பாட்டு அழுதுவிடுகிறது, வாக்கியம் ஒதுங்கி நின்றுவிடுகிறது. கைதேர்ந்தவர் அவ்வாறு செய்வதில்லை. பாட்டிலிருந்து அவர் எடுத்துக்கொள்வது அதன் நடையையும், தயங்கும் இடத்தையும், மூச்சு வாங்கும் இடத்தையும்தான். வயலினைக் கேட்டு எழுதியவரின் வாட்சன், வயலின் என்ற சொல்லையே உச்சரிக்காமல், பூட்டிக் கிடக்கும் அறையைக் கடந்து செல்லும் நடையிலேயே நம்மைக் கலங்க அடிக்கிறான்.

ஆதலால் இவ்வகைக் கதைகளைப் படிப்போருக்கு என் விண்ணப்பம் ஒன்று உண்டு. ஆசிரியர் தாம் கேட்ட பாட்டுகளின் பட்டியலைக் கதையின் தலைப்பில் கொடுத்திருந்தாலும், முதலில் கதையை மட்டுமே படியுங்கள். பாட்டின் உதவியின்றி அது தன் காலில் நிற்கிறதா என்று பாருங்கள். பிறகு பாட்டைக் கேளுங்கள். கதையில் எந்த இடத்தில் உள்ளம் தவித்ததோ அதே தவிப்பைப் பாட்டிலும் அடையாளம் கண்டுகொள்வீர்களானால், ஒலியாய் இருந்ததைச் சொல்லாக மாற்றும் அரிய வித்தை அந்த எழுத்தாளருக்குக் கைவந்திருக்கிறது என்று நிச்சயமாகக் கொள்ளலாம். இரவல் பாத்திரங்களை வைத்து எழுதினாலும், அவரை முழு எழுத்தாளர் என்றே நாம் கொண்டாட வேண்டும்.