உதைத்தும் உறுமாத வண்டி

டூ ஸ்ட்ரோக் வண்டி ஒன்று ஸ்டார்ட் ஆகாமல் அடம் பிடிக்கும்போதுதான் மெக்கானிக்கின் தரம் தெரியும். கிக்கரை உதைத்து உதைத்துக் கால் ஓய்ந்து, வேர்வை வழிய உருட்டிக்கொண்டு வருகிறவரைப் பார்த்ததும் கெட்டிக்கார மெக்கானிக் ஸ்பேனரைத் தேடுவதில்லை. “எத்தனை நாளா நிக்குது? காலைல பச்சையா எடுக்கலையா, ஓடிச் சூடாகி நின்னதுக்கு அப்புறம் எடுக்கலையா?” என்றுதான் தொடங்குவார். பாதி நோய் அந்தப் பதிலிலேயே பிடிபட்டுவிடும்.

1957இல் முதல் சுரங்கம் வெட்டத் தொடங்கிய நெய்வேலி, பழுப்பு நிலக்கரியை வாரும் ராட்சத வாளிச் சக்கர எந்திரங்களைப் பார்த்து வளர்ந்த ஊர். ஆனாலும் தமிழ்நாட்டின் மற்ற ஊர்களைப் போலவே, இங்கும் ஷிப்டுக்குப் போக உதவியவை சின்ன டூ ஸ்ட்ரோக் வண்டிகள்தாம். 1980இல் டி.வி.எஸ். 50 வந்தது. 1985இல் யமஹா ஆர்.எக்ஸ். 100 வந்தது: 98 சி.சி., 11 குதிரைத்திறன். நம் ஊர்க் கடைகளில் டர்ட் பைக் கிடைக்காத காலத்தில், இந்த ஆர்.எக்ஸின் மட்கார்டைத் தூக்கி, பட்டன் டயர் மாட்டித்தான் மண்தடத்தில் இறக்கினார்கள். 1996இல் ஆர்.எக்ஸ். 100 உற்பத்தி நின்றது. மோகம் நிற்கவில்லை.

இந்த எஞ்சினின் அழகு அதன் சிக்கனம். சிலிண்டர் தலையில் வால்வு கிடையாது, கேம் கிடையாது. முக்கியமாக அசைபவை பிஸ்டன், கனெக்டிங் ராடு, கிராங்க் மூன்றும்தான். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை முதலில் கிராங்க் அறைக்குள் போகிறது. கீழே இறங்கும் பிஸ்டன் அதை அழுத்தி, பக்கத் துளைகள் வழியே மேலே சிலிண்டருக்கு அனுப்புகிறது. 1891இல் இங்கிலாந்தின் ஜோசப் டே காப்புரிமைக்கு விண்ணப்பித்த யோசனை இது. ஒரே பிஸ்டன் மேலே வெடியையும் தாங்குகிறது, கீழே பம்ப் வேலையும் பார்க்கிறது. உறுப்புகள் குறைவு என்பதால் சந்தேகிக்க வேண்டியவையும் குறைவு.

வரிசை தப்பாமல் பார்ப்பதில்தான் கலை இருக்கிறது. பத்து உதை உதைத்தபின் பிளக்கைக் கழற்றிப் பார்க்க வேண்டும். முனை காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை: டேப் அடைப்பா, கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில் பிசினா என்று பார்க்கலாம். தலைமுடி நுழையும் அளவு துளைதான் அந்த ஜெட். மாதக்கணக்கில் நின்ற வண்டியில் பெட்ரோல் ஆவியாகி மிஞ்சும் பிசின் முதலில் அடைப்பது அதைத்தான். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் ஈரத்தையும் இழுத்துக்கொள்ளும். பிளக் நனைந்திருந்தால் கதை வேறு. ஒன்று, கரண்ட் இல்லை. அல்லது சோக்கை இழுத்தபடியே உதைத்து உதைத்து ஓவர்ஃப்ளோ ஆகிவிட்டது. டேப்பை மூடி, பிளக் கேபிள் எஞ்சினில் எர்த் ஆகும்படி வைத்து, ஆக்சிலரேட்டரை முழுதாகத் திருகி நாலு உதை கொடுத்தால் உள்ளே தேங்கிய பெட்ரோல் வெளியேறும்.

அடுத்தது கரண்ட். பிளக்கைக் கேப்பில் செருகி, உலோகப் பகுதியை எஞ்சினில் ஒட்டி வைத்துக் கிக் அடித்தால் நீலப்பொறி பளிச்சென்று தெறிக்க வேண்டும். மஞ்சளாகச் சோம்பிக் கசிந்தால் போதாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் அதுவும் அணைந்துவிடும். பழைய மொபெட்டில் பாயிண்ட் தேய்ந்திருக்கலாம், பிற்கால வண்டியில் சி.டி.ஐ. அல்லது காயில் போயிருக்கலாம். அவற்றையெல்லாம் மாற்றுமுன் கில் சுவிட்சைப் பார்த்துக்கொள்வது செலவில்லாத வைத்தியம். மூன்றாவது கம்ப்ரஷன்: பிளக் துளையைக் கட்டைவிரலால் மூடி உதைத்தால் விரலைத் தள்ளிவிட வேண்டும்.

மூன்றும் சரியாக இருந்தும் வண்டி மௌனம் சாதித்தால்தான் உண்மையான சோதனை. குற்றவாளி பெரும்பாலும் கிராங்கின் இரண்டு பக்கத்து ஆயில் சீல்களில் ஒன்று. மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் அறைக்குள் வெறும் காற்று புகுந்து கலவை நீர்த்துவிடும். ஸ்டார்ட் ஆனாலும் ஆக்சிலரேட்டரை விட்டபின் எஞ்சின் தானாகவே எகிறும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை உறிஞ்சி வெள்ளைப் புகை கக்கும். மேலே விரலைத் தள்ளும் கம்ப்ரஷன் கீழறையின் கசிவைச் சொல்லாது. நெய்வேலிக்காரருக்கு இது எளிதில் புரியும்: நிலக்கரிப் படுகைக்கு அடியில் அழுத்தத்தோடு நிற்கும் ஊற்றுநீரை ஓயாமல் இறைத்தால்தான் மேலே சுரங்க வேலை நடக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அடி அழுத்தம்தான் இரண்டு இடத்திலும் எஜமான்.

இதைக் காதாலேயே கண்டுபிடிக்கும் மெக்கானிக்குகள் இன்றும் இருக்கிறார்கள். அவசரக்காரர் இதே நோய்க்கு “போர் போட்டுரலாம்” என்று பிஸ்டன், ரிங் எல்லாவற்றையும் மாற்றி ஆயிரக்கணக்கில் பில் போடுவார். சீல் அப்படியே இருக்கும், கிக்கரும் அப்படியே ஏமாற்றும்.

வீட்டில் பழைய டூ ஸ்ட்ரோக் வைத்திருப்பவர்கள், வெளியூர் போகும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் காலி செய்துவிட்டுப் போகட்டும். வண்டி எடுக்காவிட்டால் முதலில் ஒரு புது பிளக் வாங்கிப் போட்டுப் பாருங்கள். அதற்கும் மசியவில்லை என்றால், எஞ்சினைப் பிரிக்கச் சம்மதிக்கும் முன் “ஆயில் சீல் பார்த்தாச்சா?” என்று மெக்கானிக்கிடம் கேளுங்கள்.