வாட்டசாட்டமான ஆளும் வைஸ் மேசையும்

பட்டறையில் கனமான வேலை வந்தால் மேஸ்திரியின் கண் வாட்டசாட்டமான ஆளைத்தான் தேடும். "அவன் தாங்குவான்" என்பார். ஒல்லியானவருக்கு அராவுவதும் பொருத்துவதும். பெரிய உடம்புக்காரருக்குத் தூக்குவதும் முறுக்குவதும். உடல் பெரிதானால் சிரமம் குறையும் என்ற நம்பிக்கையில் நடக்கும் பங்கீடு இது. ஒவ்வொரு வேலையாக எடுத்துச் சோதித்தால் அந்த நம்பிக்கை பாதிதான் தேறுகிறது.

தேறும் பாதியை முதலில் சொல்லிவிடலாம். கார் சக்கர நட்டை இறுக்கச் சுமார் 100 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை வேண்டும். 25 செ.மீ. ஸ்பேனரின் நுனியில் அதற்கு 400 நியூட்டன், அதாவது ஏறக்குறைய 40 கிலோ எடைக்குச் சமமான அழுத்தம் தரவேண்டும். 50 கிலோ உடம்புக்கு அது தன் எடையில் ஐந்தில் நான்கு பங்கு. 85 கிலோ உடம்புக்குப் பாதிகூட இல்லை. கீழ்நோக்கி அழுத்தும் வேலைகளில் உடல் எடையே ஒரு கருவிதான். ஆனால் 50 செ.மீ. கைப்பிடி போட்டால் தேவையான விசை பாதியாகிவிடும். ஒரு நீளமான கைப்பிடியில் கரைந்துபோகிற அனுகூலத்தை வைத்து ஆள் பிரிப்பது நியாயமில்லை.

குனிந்து செய்யும் வேலைக்கு வந்தால் கணக்கு தலைகீழாகிறது. இடுப்புக்கு மேலுள்ள பகுதி உடல் எடையில் பாதிக்கும் மேல். தரையில் கிடக்கும் ஐந்து கிலோ உதிரிபாகத்தை 90 கிலோ மனிதர் குனிந்து எடுக்கும்போது, அவருடைய முதுகு அந்த ஐந்து கிலோவோடு அவருடைய சொந்த உடம்பில் 45 கிலோவுக்கும் மேலாகத் தாங்குகிறது. முதுகுத்தண்டை நிமிர்த்தும் தசைகள் தண்டிலிருந்து ஐந்தாறு செ.மீ. தள்ளி நின்றுதான் இழுக்கின்றன. பாரமோ முன்னால் வெகுதூரத்தில் தொங்குகிறது. ஆகவே தசை அந்தப் பாரத்தைப்போலப் பல மடங்கு இழுத்தாக வேண்டும், அந்த அழுத்தம் முழுவதும் இடுப்பு வட்டுகளில் இறங்குகிறது. "பெரிய உடம்பு தாங்கும்" என்பதன் மறுபக்கம் இதுதான்: அது தன்னையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. கையில் எடுத்தது வெறும் ஸ்பேனர் என்றாலும் இதே கதைதான்.

அமெரிக்கத் தொழில்நல நிறுவனமான நியோஷ் 1991இல் திருத்திய தூக்கும் சமன்பாடு உலகெங்கும் புழங்குகிறது. மிகச் சாதகமான நிலையில்கூட 23 கிலோதான் அதன் உச்சவரம்பு. அதில் தூக்குபவரின் எடைக்கோ உயரத்துக்கோ இடமில்லை. இதை ஒரு குறை என்றே கருதுகிறேன். ஆனாலும் உடம்பு அதில் பின்வாசல் வழியாக நுழைந்துவிடுகிறது. கணுக்காலுக்கும் கைக்கும் இடையிலுள்ள கிடைத்தூரம் 25 செ.மீ.யிலிருந்து 35 ஆனால் 23 கிலோ 16.4 ஆகக் குறைகிறது. பெருத்த வயிறு பாரத்தை உடலிலிருந்து அந்தப் பத்து செ.மீ. தள்ளிவைத்தால் போதும், வாட்டசாட்டமானவருக்கான வரம்பு ஒல்லியானவருடையதைவிடக் கீழே போய்விடும்.

"பெரிய உடம்பில் பலமும் அதிகம்தானே?" என்பது நியாயமான கேள்வி. அதிகம்தான், ஆனால் எடை கூடும் அளவுக்குப் பலம் கூடுவதில்லை. 1988 சியோல் ஒலிம்பிக்கில் 60 கிலோ பிரிவில் நைம் சுலைமானோலு 190 கிலோ தூக்கினார். தன் எடையைப்போல மும்மடங்குக்கும் மேல். 2021இல் லாஷா தலாக்காட்ஸே தூக்கிய 267 கிலோ உலக சாதனை. அவருடைய எடைக்கு அது ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பளுதூக்கும் மேடையைப் பட்டறையோடு அப்படியே ஒப்பிட முடியாது. அங்கே ஒரே ஒரு தூக்கு. இங்கே எட்டு மணி நேரம்.

சிறிய உடம்புக்கு நடக்கும் அநியாயம் வைஸ் மேசையில் இருக்கிறது. நிற்கும்போது முழங்கை உயரம் ஆள் உயரத்தில் சுமார் 63 விழுக்காடு. 165 செ.மீ. ஆளுக்குப் பொருத்திய வைஸ் 104 செ.மீ.யில் நிற்கும். 150 செ.மீ. உயரமுள்ள பெண்ணுக்கு அது முழங்கைக்குப் பத்து செ.மீ. மேலே. அராவும் ஒவ்வொரு முறையும் அவர் தோளைத் தூக்கியாக வேண்டும், உடல் எடையை அரத்தின்மேல் சாய்க்கவும் வழியில்லை. 180 செ.மீ. ஆள் அதே வைஸின் முன் நாள் முழுக்கக் குனிகிறார். ஒரே மேசை ஒருவருக்குத் தோளிலும் இன்னொருவருக்கு இடுப்பிலும் வலி தருகிறது.

ஒல்லியாக இருந்து முப்பது வருடம் உழைத்த மூத்த ஃபிட்டரைக் காட்டி, "பழகினால் எல்லாம் சரியாகும்" என்பார்கள். தாங்க முடியாமல் பாதியில் விலகியவர்கள் யாரும் அந்தப் பட்டறையில் நின்று சாட்சி சொல்லப்போவதில்லை. எஞ்சியவரை மட்டும் வைத்து எடுக்கும் முடிவு செல்லாது.

சட்டமும் அதிகம் உதவவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தின் 34ஆம் பிரிவு எடை வரம்புகளை ஆண், பெண், வயது என்று பிரித்ததே தவிர, உடல் அளவைக் கருதவில்லை.

ஆக, ஆளைப் பார்த்து வேலை பிரிப்பது தவறு. மேசையையும் கருவியையும் ஆளுக்கேற்ப மாற்றுவதே சரி. உயரமானவருக்கு ஏற்ப வைஸைப் பொருத்தி, குட்டையானவருக்கு அகலமான, ஆடாத மரப்பலகை போட்டுக்கொடுக்கலாம். பலகை தடுக்கிவிடாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கனமான உதிரிபாகங்கள் தரையில் கிடக்காமல் இடுப்பு உயரத் தட்டில் இருக்கட்டும். பட்டறை நடத்துபவர்களே, ஒவ்வொருவரையும் வைஸ் முன் நிறுத்தி முஷ்டியை முகவாயில் வைக்கச் சொல்லுங்கள். முழங்கை வைஸின் மேல்விளிம்புக்குக் கீழே இருந்தால், அவருக்கு இன்றே ஒரு பலகை போடுங்கள்.