கணக்குப் புத்தகம் யார் கையில்?

நாமாகப் படிவத்தில் நிரப்பிய பெயரும் தொலைபேசி எண்ணும் மட்டுமே தரவுச் சேகரிப்பு. ஏனையவை இயந்திரம் இயங்குகையில் தாமே விழும் குறிப்புகள். இணையச் சேவை நிறுவனங்களுக்காக வாதாடுவோர் கூறும் சமாதானம் இது. இதன் பொய்ம்மையை அறிய இறக்குவானைப் பகுதித் தோட்டப் பிள்ளைகள் வேறெங்கும் போக வேண்டியதில்லை; தம் பாட்டன்மாரின் வாழ்வை நினைத்தாலே போதும்.

தோட்டத்துக் கணக்கப்பிள்ளை எவரிடமும் படிவம் நீட்டவில்லை. பெரட்டுக்களத்துக்கு யார் வந்தார், கொழுந்து எத்தனை இறாத்தல் நிறுத்தது, யாருக்கு அரைப்பேர் என்று அவரே பார்த்தார், அவரே எழுதினார். அவ்வெழுத்தே கூலியாயிற்று. 1921இல் ஒழிக்கப்பட்ட துண்டு முறையிலோ, கடன் குறித்த ஒரு காகிதமே தொழிலாளி வேறு தோட்டம் போகலாமா என்பதைத் தீர்மானித்தது. ஆகவே, கேட்பது மட்டுமன்று சேகரிப்பு. ஒருவரைப் பற்றி மற்றொருவர் தம் புத்தகத்தில் பதிந்து வைப்பதும் சேகரிப்பே.

அப்புத்தகம் பிறர் கையிலிருந்தால் என்ன நேரும்? 1949இன் இந்திய, பாகிஸ்தானியர் பிரசாவுரிமைச் சட்டம், மணமானோர் 7 ஆண்டும் ஏனையோர் 10 ஆண்டும் தொடர்ந்து இந்நாட்டில் வாழ்ந்ததற்குச் சான்று கேட்டது. பதிவேடுகள் தோட்ட அலுவலகத்தில் இருந்தன. நிரூபிக்கும் பாரமோ தொழிலாளியின் தலையில் விழுந்தது!

இன்று லயத்துக்குள் கைத்தொலைபேசி வந்துவிட்டது. எங்கிருந்து, எப்பொழுது, யாருடன் பேசினோம், எந்தப் படத்தின் முன் எவ்வளவு நேரம் நின்றோம் என்பனவெல்லாம் பதிவாகக்கூடும். வாட்ஸ்அப்பில் செய்தியின் உள்ளடக்கம் பூட்டப்பட்டிருந்தாலும், யார் யாருக்கு எப்பொழுது அனுப்பினார் என்ற விவரம் பூட்டுக்கு வெளியே நிற்கிறது. ஆளை அடையாளங்காணச் சட்டவழி இருக்குமிடத்து, மாறிக்கொண்டே இருக்கும் இணைய முகவரியும் தனிப்பட்ட தரவே என 2016இல் ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நமது 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் இருப்பிடத் தரவையும் இணைய அடையாளங்களையும் தன் வரைவிலக்கணத்துள் அடக்குகிறது. இது வரவேற்கத்தக்கதே.

ஆயினும் வரைவிலக்கணம் மட்டும் நீதியாகாது. 2020இல் பெருந்தொற்று பள்ளிகளை மூடியபோது, கைத்தொலைபேசி வழியே பாடம் கேட்ட மாணவிக்கு 'சம்மதம்' என்ற பொத்தானை மறுக்கும் சுதந்திரம் இருந்ததா? வாசிக்க முடியாத தாளில் பாட்டன் வைத்த கைநாட்டுக்கும் அதற்கும் என்ன வேறுபாடு?

தன்னைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் திருத்தவும் கேட்கும் உரிமையைச் சட்டம் ஏட்டில் தருகிறது. அவ்வுரிமையை நம் மக்களின் மொழியில், அவர்கள் எட்டக்கூடிய இடத்தில் நிலைநாட்டுவதே ஆசிரியர், மாணவர் கடமை. புத்தகத்தைத் திறந்து காட்டு என்று கேட்கத் தெரிந்தவனே அடிமையல்லன்.