செய்மதி காணும் கொழும்பும் காணாத கொழும்பும்

வேகமாக வளரும் நகரங்களை ஆராய்பவர்களின் கைக்கு இன்று முதலில் வருவது செய்மதிப் படம். 1972 முதல் பூமியைப் படமெடுத்துவரும் லேண்ட்சாட் வரிசையின் சேமிப்பு 2008இல் இலவசமாகத் திறந்துவிடப்பட்டது. 2015இல் ஐரோப்பாவின் சென்டினல்-2 வந்து சேர்ந்தது. ஐ.நா. ஹபிடாட் 2018இல் வெளியிட்ட இலங்கை நகரங்கள் பற்றிய அறிக்கையும் ஒன்பது மாகாணத் தலைநகரங்களின் விரிவை இத்தகைய படங்களைக் கொண்டே அளந்தது. இந்த முறை கொழும்பைப் பற்றி எதைச் சரியாகச் சொல்கிறது, எதைத் தவறவிடுகிறது?

முதலில் அதன் பலம். 2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையரில் நகரவாசிகள் 18.2 வீதம் மட்டுமே. மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வாழ்பவரையே அந்தக் கணக்கு நகரவாசியாகக் கொள்கிறது. 1987இல் பட்டின சபைகள் பிரதேச சபைகளுக்குள் போனதோடு பல பட்டினங்கள் ஏட்டளவில் கிராமங்களாகிவிட்டன. புறக்கோட்டையிலிருந்து 138ஆம் இலக்க பஸ்ஸில் ஹோமாகமை வரை போகிறவருக்கு நகரம் எங்கே முடிகிறது என்று தெரியாது. ஆனால் ஹோமாகமை பிரதேச சபைப் பகுதி என்பதால் பதிவேட்டில் அது கிராமம். செய்மதிக்கு இந்த எல்லைகள் இல்லை. கட்டடம் பரவிய இடமெல்லாம் அதன் கணக்கில் நகரம்தான்.

இரண்டாவது பலம் ஈரநிலங்களைப் பற்றியது. 2010 நவம்பர் வெள்ளம் நாடாளுமன்ற வளாகத்தையே மூழ்கடித்தது. மழைநீரைத் தாங்கி நின்ற சதுப்புகள் நிரப்பப்பட்டதன் விலை அன்று எல்லோருக்கும் தெரிந்தது. 2018இல் ராம்சார் சாசனம் உலகின் முதல் 18 ஈரநில நகரங்களுள் கொழும்பையும் சேர்த்தது. அந்தப் பெருமை காப்பாற்றப்படுகிறதா என்று எவரும் ஆண்டுக்கு ஆண்டு படங்களை ஒப்பிட்டுப் பார்க்கலாம். எந்த அலுவலகத்தின் அனுமதியும் வேண்டியதில்லை. பொதுமக்கள் கையில் இதைவிட வலுவான சான்று அரிது.

இனி குறைகள். லேண்ட்சாட் படத்தின் ஒரு புள்ளி தரையில் 30 மீற்றருக்கு 30 மீற்றர். நம் கணக்கில் ஏறக்குறைய 36 பேர்ச்சஸ். கொழும்பு 06 எனப்படும் வெள்ளவத்தையில் அந்த அளவு காணிக்குள் நாலைந்து வீடுகள் அடங்கிவிடும். வீடு, மதில், மாமரம், ஒழுங்கை எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் புள்ளிக்குக் கிடைப்பது ஒரே பெயர்: ‘கட்டடப் பரப்பு’. சென்டினலின் புள்ளி சுமார் 4 பேர்ச்சஸ். அது எவ்வளவோ மேல். ஆனாலும் பருவமழை மேகம் மாதக்கணக்கில் பார்வையை மறைக்கிறது. புறநகரின் தென்னந்தோட்ட வீடுகள் மரத்தின் கீழ் ஒளிந்துகொள்கின்றன. அறுவடை முடிந்த வயல் சில வேளை கட்டடமாகப் பதிவாகிறது. 90 வீதம் சரியான இரண்டு வரைபடங்களை ஒப்பிட்டு மாற்றத்தைக் கணக்கிட்டால், பிழைகள் ஒன்றையொன்று சாராதவை எனின், இரண்டிலும் சரியாக இருக்கும் பங்கு 81 வீதமாகக் குறைந்துவிடும். மிஞ்சும் பிழையும் பெரும்பாலும் நகரம் புதிதாகப் பரவும் விளிம்பிலேயே குவிகிறது.

இவற்றை நல்ல கருவிகள் ஓரளவு திருத்தும். ராடர் மேகத்தை ஊடுருவும். இரு கோணப் படங்களால் உயரத்தையும் கணிக்கலாம். ஆனால் வெள்ளவத்தை எழுப்பும் கேள்வி வேறு. 1983 ஜூலை இனக்கலவரத்துக்குப் பின்னரும் போர்க்காலம் முழுவதிலும் வடக்கு கிழக்கிலிருந்து வந்தவர்களும் வெளிநாட்டு உறவுகளின் பணமும் சேர்ந்து, இராமகிருஷ்ண வீதி, பிரெட்ரிக்கா வீதி போன்ற இடங்களின் தனி வீடுகளைத் தொடர்மாடிகளாக்கின. பரப்பை மட்டும் அளக்கும் வரைபடத்தில் அன்றும் கட்டடம், இன்றும் கட்டடம். ‘மாற்றமில்லை’ என்பதே முடிவு. ஒரு குடும்பம் இருந்த காணியில் இன்று இருபது குடும்பம். தண்ணீர்க் குழாயும் வாகனத் தரிப்பிடமும் அந்த இருபதையும் தாங்க வேண்டும். கொழும்பின் கழிவுநீர் வெள்ளவத்தையிலும் முகத்துவாரத்திலும் உள்ள இரு கடல்வாய்க் குழாய்கள் வழியே வெளியேறுகிறது. அவற்றின் மீது ஏறிய சுமை எந்தப் படத்திலும் விழாது.

கொட்டாஞ்சேனையில் இந்தக் குறை இன்னும் கனமானது. அங்கே தோட்டங்களிலும் முடுக்குகளிலும் ஒட்டி நிற்கும் வீடுகளின் தகரக் கூரையும் துறைமுகக் களஞ்சியத்தின் தகரக் கூரையும் மேலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். 2010இல் பாதுகாப்பு அமைச்சின் கீழ் வந்த நகர அபிவிருத்தி அதிகார சபை, கொழும்பின் வசதி குறைந்த குடியிருப்புகளில் சுமார் 68,000 குடும்பங்கள் வாழ்வதாகக் கணக்கிட்டு, அக்குடியிருப்புகளை அகற்றி அக்குடும்பங்களை மாடிக் குடியிருப்புகளில் குடியமர்த்தும் திட்டத்தைத் தொடங்கியது. அகற்றப்பட்ட இடம் படத்தில் வெற்று நிலமாகத் தெரியும். துறைமுகத்துக்கு நடந்துபோய் வேலை பார்த்தவர், வாசலில் அப்பம் சுட்டு விற்றவர், அவர்களது பிள்ளைகளின் பாடசாலை பற்றியெல்லாம் அந்த வெற்றிடம் எதுவும் சொல்லாது. ‘பயன் குறைந்த நிலம்’ என்று மேலிருந்து முத்திரை குத்துவது எளிது. அந்த முத்திரை விழும்போது வெளியேற வேண்டியவர்கள் ஏழைகளே.

ஆகவே என் முடிவு இது: கொழும்பு எத்திசையில் பரவுகிறது, எந்தச் சதுப்பை விழுங்குகிறது என்பதற்குச் செய்மதிப் படத்தை நம்பலாம்; நம்பவும் வேண்டும். ஏற்கெனவே கட்டப்பட்ட நகரத்துக்குள் மக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதற்கு அதை மட்டும் சாட்சியாக ஏற்கக் கூடாது. மாநகர சபையின் வரிமதிப்பீட்டுப் பதிவேடு, நீர் இணைப்புகளின் எண்ணிக்கை, கிராம உத்தியோகத்தரின் குடும்பப் பட்டியல் ஆகிய மூன்றும் நம்மிடம் உள்ளன. அவற்றை வட்டாரம் வட்டாரமாகப் படத்தோடு பொருத்தி, தமிழிலும் சிங்களத்திலும் மக்கள் முன் வைத்த பிறகே எந்தக் குடியிருப்பின் மீதும் கை வைக்க வேண்டும். கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் வாழ்பவர்கள் தங்கள் வட்டார உறுப்பினரிடம் இதை உரிமையோடு கேட்க வேண்டும்.