சார்ல்ஸ்டன் நகரத்து இரும்பு

தென் கரோலினாவின் கடற்கரை நகரமான சார்ல்ஸ்டனுக்குப் போகிறவர்கள் முதலில் அண்ணாந்து பார்ப்பது செயின்ட் மைக்கேல் தேவாலயத்தின் வெள்ளைக் கோபுரத்தை. பார்க்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஊரின் அழகு எனக்குப் பிடிபடுவது கண்மட்டத்தில், இரும்பில்.

பழைய வீடுகளின் சுவர்களில், மாடித் தளத்துக்கு நேராக, வட்டமாகவோ நட்சத்திரமாகவோ சிங்கமுகமாகவோ இரும்புத் தகடுகள் பதிந்திருக்கும். அலங்காரம் என்று கடந்துபோய்விடக் கூடாது. 1886 ஆகஸ்ட் 31 இரவு நிலநடுக்கம் நகரத்தை உலுக்கியது. சாய்ந்த சுவர்களை இழுத்துப் பிடிக்க, வீட்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை நீண்ட கம்பிகளைச் செலுத்தி முறுக்கினார்கள். அந்தக் கம்பிகளின் முனைதான் வெளியே சிங்கமாகச் சிரிக்கிறது. காயத்துக்குப் போட்ட கட்டிலும் அழகு பார்த்த ஊர் அது.

எல்லா இரும்பும் அப்படி இல்லை. கிங் தெருவில் மைல்ஸ் பிரூட்டன் மாளிகையின் வேலிமேல் கூரிய முட்கள் நாலாபுறமும் நீட்டிக்கொண்டிருக்கின்றன. அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட தச்சர் டென்மார்க் வீசி, கிளர்ச்சிக்குத் திட்டமிட்டார் என்று 1822இல் தூக்கிலிடப்பட்டார். அதன் பிறகு வந்த முட்கள் இவை. அந்த வேலியின் வேலைப்பாடும் தேர்ந்ததே. ஆனாலும் எஜமானர்களின் அச்சத்தை இவ்வளவு அப்பட்டமாகக் காட்டும் பொருள் அந்த நகரத்தில் வேறொன்று இருக்கும் என்று நான் நினைக்கவில்லை.

நின்று, நிதானித்துப் பார்க்க வேண்டியவை பிலிப் சிம்மன்ஸின் கதவுகள். 1912இல் டேனியல் தீவில் பிறந்த கறுப்பினக் கொல்லர் அவர். சிறுவனாகவே பீட்டர் சிம்மன்ஸின் உலைக்களத்தில் சேர்ந்தார். பெயர் ஒன்றானாலும் இருவரும் உறவினர் அல்லர். குரு அடிமையாகப் பிறந்தவர். வண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுவதும் குதிரைக்கு லாடம் அடிப்பதும்தான் அங்கே தொழில். மோட்டார் வண்டி வந்து அந்தப் பிழைப்பைத் தின்றபோது, சீடர் கதவுகளுக்கும் கிராதிகளுக்கும் மாறினார்.

கிழக்கு பே தெருவில் கேட்ஸ்டன் மாளிகை வாசலில் அவர் செய்த பாம்பைப் பாருங்கள். அமெரிக்கப் புரட்சிக் காலத்தில் மஞ்சள் கொடியில் பாம்பைப் பொறித்த கிறிஸ்டோபர் கேட்ஸ்டனின் நினைவாகச் செய்தது. சுற்றியிருக்கும் கம்பிகள் பாகற்கொடியின் சுருள்போல நுனியை நோக்கி மெலிந்து வளைகின்றன. சம்மட்டி அடியிலேயே மெலிந்தவை அவை; அந்தச் சரிவை ஆலைக்கம்பியில் காண முடியாது. நடுவே பாம்பு, இப்போதுதான் சுருண்டு படுத்ததுபோல, உடம்பின் கனம் முழுவதும் தெரியும்படி கிடக்கிறது. அதன் கண் உயிரற்றுத் தெரிகிறது என்று சிம்மன்ஸ் திருப்தியடையாமல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்தாராம். தெருவில் போகிற எத்தனை பேர் ஒரு கதவுப் பாம்பின் கண்ணைக் கவனிக்கப் போகிறார்கள்? அவர் கவனித்தார். கலைஞன் என்று அவரைச் சொல்ல எனக்கு அந்த ஒன்றே போதும்.

இன்னொன்றையும் சேர்த்துச் சொன்னால்தான் அந்தக் கதவின் முழு அர்த்தம் கிடைக்கும். விடுதலைக் கொடி தந்த அதே கேட்ஸ்டன் கட்டிய படகுத்துறையில்தான் பின்னர் ஆயிரக்கணக்கான ஆப்பிரிக்கர்கள் விலங்கோடு இறக்கப்பட்டார்கள். அந்த இடத்தில் 2023இல் ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்கான அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. கேட்ஸ்டன் பெயர் தாங்கிய வாசலை அழகுபடுத்தியதோ, அடிமையாகப் பிறந்தவரிடம் தொழில் கற்ற கை.

சிம்மன்ஸ் 2009இல் காலமானார். பிளேக் தெருவில் அவர் வாழ்ந்த எளிய வீடு இன்று நினைவில்லமாக இருக்கிறது. சார்ல்ஸ்டன் போகும் வாய்ப்புக் கிடைத்தால் மாளிகைகளில் ஒன்றிரண்டைக் குறைத்துக்கொண்டாவது அங்கே போய் வாருங்கள்.