கையெழுத்திட மறுத்தவர்களின் நூல்கள்

1830இல் பிரான்சிஸ் நியூமன் ஆக்ஸ்போர்டின் பேலியல் கல்லூரியில் தனக்கிருந்த ஃபெலோ பதவியைத் துறந்தார். கணிதத்திலும் செவ்வியல் மொழிகளிலும் முதல் வகுப்பில் தேறியவர் அவர். இருந்திருந்தால் வாழ்நாள் முழுவதற்கும் கவலையில்லை. முதுகலைப் பட்டம் வாங்க ஒரு கையெழுத்து போதும். இங்கிலாந்துத் திருச்சபையின் 39 கோட்பாடுகளையும் ஒப்புக்கொள்கிறேன் என்ற கையெழுத்து அது. குழந்தை ஞானஸ்நானத்துக்கு வேதத்தில் ஆதாரம் இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதனால் அவர் கையெழுத்திடவில்லை.

தாய்ச்சபையைவிட்டு மனச்சாட்சியின் பேரில் வெளியேறியவர்கள் எழுதிய நூல்கள் பத்தொன்பதாம் நூற்றாண்டு ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே திரண்டிருக்கின்றன. அவற்றைச் சேர்த்து வாசிக்கையில் எனக்குப் பட்டது இதுதான்: இவர்களை வெளியே அனுப்பியது அவிசுவாசம் அல்ல. பொய் சொல்லாதே என்று குழந்தையிலேயே கற்றுக்கொடுத்த அதே சபையிடம் பொய் சொல்ல இவர்களால் முடியவில்லை.

பிரான்சிஸ் நேரே மிஷனரியாகப் பாக்தாத்துக்குப் போனார், அந்தோணி நாரிஸ் குரோவ்ஸ் என்பவருடன் ஊழியம் செய்ய. இந்தக் குரோவ்ஸ் பிறகு இந்தியா வந்து திருநெல்வேலியில் மிஷனரி ரேனியஸைச் சந்தித்தவர். பிரஷ்யாவில் லுத்தரனாகப் பிறந்த ரேனியஸும் இதே சிக்கலில்தான் மாட்டியிருந்தார். உபதேசியார்களுக்கு ஆங்கிலிக்கன் பிஷப்தான் குருப்பட்டம் தரவேண்டும் என்பதை அவர் ஏற்கவில்லை. அந்தச் சபையின் முறைமைகளை அச்சிலும் விமர்சித்தார். 1835இல் அவரை வைத்திருந்த மிஷன் சங்கமான சி.எம்.எஸ். அவரை நீக்கியது. பாளையங்கோட்டையில் 1838இல் இறந்தார். ஆக்ஸ்போர்டின் கேள்வி தாமிரபரணிக் கரைக்கு வந்துசேர அதிக காலம் ஆகவில்லை.

பாக்தாத்திலிருந்து 1833இல் திரும்பிய பிரான்சிஸை வரவேற்க ஆளில்லை. திரித்துவம் பற்றி அவர் கேட்ட கேள்விகள் கூட இருந்த சகோதரர்களையே விலகவைத்தன. சொந்த அண்ணனும் விலகினார். அந்த அண்ணன் ஜான் ஹென்றி நியூமன். திருச்சபையின் அதிகாரத்தை மீட்கக் கிளம்பிய ஆக்ஸ்போர்டு இயக்கத்தின் தலைமகன். பன்னிரண்டு ஆண்டு கழித்து, 1845 அக்டோபர் 9 அன்று, அவரும் அதே சபையைவிட்டுக் கத்தோலிக்கரானார். தம்பிக்கு அவர் சாத்திய கதவை இப்போது தங்கை ஹாரியட் அவருக்குச் சாத்தினாள். 1852இல் சாகும்வரை திறக்கவேயில்லை. ஒரே வீடு, ஒரே குடும்ப ஜெபம், ஒரே வேதப் புத்தகம். அண்ணனும் தம்பியும் எதிரெதிர்த் திசையில் வெளியேறினார்கள்.

தம்பி 1850இல் ‘விசுவாசத்தின் கட்டங்கள்’ என்று பொருள்படும் நூலை எழுதினார். ஒவ்வொரு கோட்பாடும் எப்படிக் கழன்றது என்று கணக்கு நோட்டைப்போல் எழுதிச் செல்லும் புத்தகம். நேர்மை உண்டு, ஈரம் குறைவு. அண்ணன், சார்லஸ் கிங்ஸ்லியின் குற்றச்சாட்டுக்குப் பதிலாக 1864இல் ‘அப்போலோஜியா’வை வாரம் ஒரு துண்டுநூலாக வெளியிட்டார். வெளியேறியபின் ஆக்ஸ்போர்டை ரயிலிலிருந்து கோபுரங்களாக மட்டும் கண்டதை அதில் சொல்கிறார். அந்த ஓரிடத்தில் அவர் இழந்தது முழுதும் தெரிகிறது. பிரான்சிஸுக்கு இப்படி ஓரிடம் வாய்க்கவில்லை. ஜான் இறந்தபின் 1891இல் அண்ணனைப் பற்றிக் கடுமையான ஒரு நூலையும் அவர் வெளியிட்டார். அதை எழுதாமல் இருந்திருக்கலாம்.

கையெழுத்தின் விலையைப் பலர் கொடுத்தார்கள். கவிஞர் ஆர்தர் ஹியூ கிளஃப் 1848இல் ஓரியல் கல்லூரியைவிட்டார். ஃபிரவுடின் ‘நெமெசிஸ் ஆஃப் ஃபெயித்’ நாவலை 1849இல் அவரது கல்லூரியிலேயே ஓர் ஆசிரியர் தீயிலிட்டார். ஃபிரவுட் பதவி விலகினார். இளங்கலைக்கு 1854இல் இந்தத் தடை நீங்கியது. இறையியல் நீங்கலான மற்றப் பட்டங்களுக்கும் பதவிகளுக்கும் 1871வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

எட்மண்ட் காஸின் ‘தந்தையும் மகனும்’ 1907இல் ஆசிரியர் பெயரில்லாமல் வந்தது. பிளிமத் பிரதரன் சபை வீடு. தகப்பனார் பிலிப் ஹென்றி காஸ் கடலுயிரிகளை ஆராய்ந்த விஞ்ஞானி. படைப்பின்போதே பாறைக்குள் புதைபடிவங்களும் சேர்த்துப் படைக்கப்பட்டன என்று 1857இல் புத்தகம் எழுதியவர். சிறுவன் ஒருநாள் நாற்காலியை நோக்கி ஜெபிக்கிறான். விக்கிரகாராதனைக்குத் தேவன் தண்டிப்பாரா என்று காத்திருக்கிறான். ஒன்றும் நடக்கவில்லை. இந்த வகை நூல்களில் அதற்கு நிகரான காட்சி குறைவு. ஆனால் அந்தத் தகப்பன் மகன் காட்டிய அளவு கடுமையானவர் அல்லர் என்று ஆன் த்வெய்ட் 2002இல் எழுதிய வாழ்க்கை வரலாறு வாதிடுகிறது. வெளியேறியவரின் சாட்சியம் ஒருபக்கச் சாட்சியம். பதில் சொல்ல அப்பா உயிரோடில்லை.

இதை முழுக்க உணர்ந்தவர் ஜார்ஜ் எலியட் ஒருவரே. 1842 ஜனவரி 2, ஞாயிறு. பின்னாளில் அந்தப் பெயரில் எழுதப்போகும் மேரி ஆன் இவான்ஸ் என்ற இருபத்திரண்டு வயதுப் பெண் அப்பாவோடு கோயிலுக்கு வரமாட்டேன் என்றாள். அப்பா ராபர்ட் இவான்ஸ் அவளோடு குடியிருந்த வீட்டையே விட்டுவிட ஏற்பாடு செய்தார். அவள் சில வாரம் அண்ணன் வீட்டில் இருந்தாள். பிறகு சமரசம்: கோயிலுக்கு வருவாள், அங்கே என்ன நினைப்பது என்பது அவள் பாடு. 1849இல் அவர் இறக்கும்வரை படுக்கையருகே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். அதற்குள் ஸ்ட்ராஸின் இயேசு வரலாற்றை ஆங்கிலத்தில் பெயர்த்து 1846இல் வெளியிட்டும் இருந்தாள். தன்மேல் பிழை இருந்ததாக எலியட் கருதவில்லை. ஆனால் அந்த மோதலைக் கொஞ்சம் பக்குவமாகத் தவிர்த்திருக்கலாம் என்று பின்னாளில் வருந்தினார். இதைக் கோழைத்தனம் என்பாருண்டு. அப்பாவை அவமதிக்காமலும் தன்னிடம் பொய் சொல்லாமலும் இருக்க அந்த வீட்டில் வேறு வழி இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

அந்தப் பக்குவம் அவர் நாவல்களில் பலித்தது. ‘ஆடம் பீட்’ (1859) நாவலின் மெதடிஸ்ட் பிரசங்கி டைனாவைப் போல ஒரு விசுவாசியை அன்றைய விசுவாசிகளே படைக்கவில்லை. ‘சைலஸ் மார்னர்’ (1861) வெளியேற்றத்தின் கதையேதான். நெசவாளி சைலஸ் மேல் சபைப் பணத்தைத் திருடியதாகப் பழி. சபை சீட்டுப் போட்டுப் பார்க்கிறது. சீட்டு அவனைக் குற்றவாளி என்கிறது. அவன் ஊரையே விட்டுப் போகிறான். பல ஆண்டு கழித்து, வளர்ப்பு மகளோடு நியாயம் கேட்கத் திரும்பி வந்தால் அந்த ஜெபவீடு இருந்த இடத்தில் ஒரு தொழிற்சாலை நிற்கிறது. கேட்க யாருமில்லை.

சபையைவிட்டுப் போனவரை நம் கிறிஸ்தவ வீடுகளில் ‘பின்வாங்கிப்போனவர்’ என்றே சொல்லிவிடுகிறோம். நம் வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால், இத்தனை நூல்களில் முதலில் ‘சைலஸ் மார்ன’ரை எடுங்கள். சின்னப் புத்தகம்தான், வாசித்துவிட்டு அவரைக் கூப்பிட்டுப் பேசுங்கள்.