ரப்பர் கொட்டை

மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்குப் புளியங்கொட்டை எப்படியோ, குமரி மாவட்டத்துக் குலசேகரம், கீரிப்பாறைப் பிள்ளைகளுக்கு ரப்பர் கொட்டை அப்படி.

மழை ஓய்ந்து வெயில் ஏறும் ஆவணி நாளில் தோட்டத்துக்குள் நின்றால் ‘டப்’பென்று சத்தம் கேட்கும். மூன்று அறையுள்ள காய் காய்ந்து வெடித்து, கொட்டைகளைத் தூர எறியும். பழுப்பில் கருந்திட்டு ஓடிய வழவழப்பு; ஒன்றுபோல் இன்னொன்று இருக்காது. டவுசர் பை நிறையும். சிமென்ட் தரையில் பரபரவென்று தேய்த்துப் பக்கத்திலிருப்பவன் தொடையில் வைத்தால் சுரீரென்று சுடும். அந்தச் சூடு பட்டவர்கள் அறுபது வயதிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்கள்.

1876-ல் ஹென்றி விக்காம் பிரேசிலிலிருந்து லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனதும் இதே கொட்டைகளைத்தான்; சுமார் 70,000. ஆசியாவின் ரப்பர் மரங்களில் பெரும்பாலானவை அந்த வழி வந்தவை.

தோட்டத்தில் பெரியவர்களின் வேலை விடியுமுன் தொடங்கும். குளிர்ச்சியில்தான் ரப்பர் பால் நன்றாக ஓடும். பட்டையை மெல்லிய சீவலாகச் சாய்த்து வெட்ட வேண்டும். கத்தி கொஞ்சம் ஆழமாய் இறங்கினால் மரம் புண்ணாகும். அந்தக் கை நிதானம் பார்க்கப் பார்க்க அலுக்காது. பால் சொட்டுச் சொட்டாகச் சிரட்டையில் இறங்கும்.

வெட்டுத் தடத்தில் உறைந்த ஒட்டுப்பாலை நாடாவாக உரித்து, பிள்ளைகள் உருட்டி உருட்டிப் பந்தாக்குவார்கள். தரையில் அடித்தால் ஓட்டுக்கூரை உயரத்துக்கு எழும்பும். அதன் வாடை மட்டும், சோப்புப் போட்டாலும் லேசில் கையைவிட்டுப் போகாது.